பெயருக்கு ஒரு பூட்டு

நான் யாரிடமும் நாற்பதாயிரம் ரூபாய் கடன் கேட்கவில்லை. ஆனால் என் பெயரால் கேட்கப்பட்டது. என் பெயரை நம்பிக் கொடுக்கவும் பட்டது. அந்தப் பணத்துக்கு நான் கடன்காரனா, இல்லையா? சென்ற ஆடி மாதத்திலிருந்து இந்தக் கேள்வி என்னோடு கூடவே உட்காருகிறது, எழுந்திருக்கிறது. எல்லாம் ஒரு கடவுச்சொல்லால் வந்த வினை.

கும்பகோணத்தில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். கல்லூரி விடுதியில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தோம். தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷனில் காலம் தள்ளுகிறவர். ஒருநாள் காலையில் நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன் வந்தது.

"தங்கச்சி எப்படியிருக்கிறாள்?" என்றார், எடுத்த எடுப்பில்.

"நன்றாகத்தானே இருக்கிறாள். ஏன்?"

"ஆபரேஷன் முடிந்துவிட்டதா?"

என் மனைவி அப்போது கொல்லையில் கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே, "என்ன ஆபரேஷன்?" என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. "அப்படியானால் பணம்?" என்றார் பிறகு, மிகவும் மெதுவாக.

இரண்டு நாளைக்கு முன்னால் என் மின்னஞ்சலிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. என் பெயர், என் முகவரி, எல்லாம் என்னுடையவைதான். மனைவிக்குத் திடீரென்று முடியாமல் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும், உடனே நாற்பதாயிரம் தேவை என்றும், தீவிர சிகிச்சைப் பிரிவில் போன் பேசக் கூடாதாகையால் கூப்பிட வேண்டாம் என்றும், உறவுக்காரப் பையன் ஒருவனுடைய எண்ணுக்குப் பணத்தை அனுப்பினால் போதும் என்றும் அதில் எழுதியிருந்தது. மனிதர் பத்து நிமிஷத்தில் பணத்தை அனுப்பிவிட்டார். இரண்டு நாள் பொறுத்தார். அதற்குமேல் பொறுக்க முடியாமல்தான் கூப்பிட்டார். பணம் வந்ததா என்று கேட்பதற்கு அல்ல. நோயாளி எப்படியிருக்கிறாள் என்று கேட்பதற்கு.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் அவர் மேலேயே வந்தது. "நாற்பது வருஷமாக என் எழுத்தைப் படிக்கிறாய். நடையைப் பார்த்தாவது சந்தேகம் வர வேண்டாமா?" என்றேன்.

"வந்ததடா. மூன்று இடத்தில் ஒற்று விட்டுப் போயிருந்தது. பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எவன் ஒற்றுப் பார்த்து எழுதுவான் என்று நினைத்துக்கொண்டேன்."

இதைக் கேட்ட பிறகு கோபப்படுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அதே கடிதம் இன்னும் பதினொரு பேருக்குப் போயிருந்ததாகப் பின்னால் தெரிந்தது. சிலர் உடனே என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அந்த இரண்டு நாளும் நான் வெளியூரில் போனைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன். சிலர் சந்தேகப்பட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். பதிப்பாளர் ஒருவர் பதிலே போடவில்லை. நான் நிஜமாக எழுதுகிற கடிதங்களுக்கும் அவர் செய்கிற மரியாதை அதுதான். ஏமாந்தவர் ஒரே ஒருவர். எல்லோரிலும் என்னை அதிகமாக நம்பியவர்.

வக்கீலாக இருக்கும் என் அக்கா மகன் வந்து ஆராய்ந்தான். "மாமா, உங்கள் கடவுச்சொல் என்ன?" என்றான். சொல்வதற்குக் கூச்சமாக இருந்தது. மனைவியின் பெயர், அதன் கடைசியில் எங்களுக்குக் கல்யாணமான வருஷம். பதினைந்து வருஷமாக மின்னஞ்சலுக்கும் அதுதான், ரயில் டிக்கெட்டுக்கும் அதுதான், என்றோ ஒரு தடவை புத்தகம் வாங்குவதற்காகப் பெயர் பதிந்துகொண்ட ஒரு கடைக்கும் அதுதான். அந்தக் கடையின் ஏடு திருடுபோய் வெகு நாளாகிவிட்டதாம். திருடியவர்கள் அதிலுள்ள ஒவ்வொரு பெயரையும் சொல்லையும் எடுத்துக்கொண்டு, இதே சாவி வேறு எந்தெந்தக் கதவுக்குச் சேருகிறது என்று இயந்திரத்தைக் கொண்டு போட்டுப் பார்ப்பார்களாம். "உங்கள் விஷயத்திலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்" என்றான். கதவு திறந்துகொண்டதும் வந்தவன் அவசரப்படவில்லை. என் பழைய கடிதங்களையெல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறான். யார் எனக்கு நெருக்கம், யாரை நான் எப்படி விளித்து எழுதுவேன், மனைவிக்கு உடம்பு அடிக்கடி படுத்துகிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. பாத்திரங்களை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகு பேனாவை எடு என்று இளம் எழுத்தாளர்களுக்கு நான் உபதேசம் செய்வதுண்டு. அவன் அதைச் செய்திருந்தான். ஒற்றில் மட்டும்தான் கோட்டை விட்டான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் கிராமத்து வீட்டு ஞாபகம் வந்தது. அந்த வீட்டு வாசற்கதவுக்குப் பூட்டு உண்டு. வெளியூர் போகும்போது பூட்டிச் சாவியை நிலைக்கு மேலே வைத்துவிட்டுப் போவோம். சாவி அங்கேதான் இருக்கும் என்பது தெருவுக்கே தெரியும். 'பட்டணத்து மனிதனுக்குப் பிடித்த வியாதி சந்தேகம்' என்று அந்தச் சாவியை வைத்து நானே ஒரு காலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல கட்டுரை என்று பலர் பாராட்டினார்கள். இப்போது யோசித்தால், அதில் ஒரு விஷயத்தை நான் கவனிக்கவே இல்லை என்று தெரிகிறது. எதிர்வீட்டுத் திண்ணையில் பொழுதெல்லாம் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பாள். வேற்றாள் யாராவது எங்கள் வாசற்படியில் கால் வைத்தால், "யாரப்பா அது? அவர்கள் ஊரில் இல்லையே!" என்று குரல் வரும். எங்கள் வீட்டைக் காத்தது எங்கள் பெருந்தன்மை அல்ல, அவளுடைய கண்கள். நாங்கள் நம்பிக்கை என்று பெருமைப்பட்டுக்கொண்டதில் பாதி, அவள் எங்களுக்காகப் பார்த்த காவல் வேலை.

என் மின்னஞ்சலுக்கு எதிரே அப்படி ஒரு திண்ணை இல்லை. வருகிறவன் மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கலாம். அவன் முகம் யாருக்கும் தெரியாது. சரியான சொல்லைச் சொல்லிவிட்டால், இயந்திரத்துக்கு அவன்தான் நான்.

இந்தச் சொல் வழக்கம் கம்ப்யூட்டருக்குள் வந்த கதையே ஒரு திருட்டோடு கலந்த கதைதான். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரே கம்ப்யூட்டரைப் பல பேர் ஒரே சமயத்தில் பயன்படுத்த வழி செய்தார்கள். ஒருவர் காகிதத்தில் இன்னொருவர் கை வைக்காமலிருக்க, ஆளுக்கு ஒரு ரகசியச் சொல் கொடுத்தார்கள். 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்பதற்காக, எல்லோருடைய சொற்களும் இருந்த பட்டியலை அச்சடித்துத் தரும்படி அந்தக் கம்ப்யூட்டருக்கே உத்தரவு போட்டு வாங்கிக்கொண்டார். பூட்டு வந்த சுருக்கிலேயே கள்ளச்சாவியும் வந்துவிட்டது!

அதற்குப் பிறகு சொல்லை அப்படியே எழுதிவைக்கக் கூடாது என்று அறிந்தவர்கள் முடிவு செய்தார்கள். அரிசியை மாவாக அரைத்து வைப்பதுபோல், சொல்லை ஒரு கணக்கில் அரைத்து அந்த மாவை மட்டும் வைத்துக்கொள்வார்கள். மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. நாம் உள்ளே போகும்போது சொல்லும் சொல்லை மறுபடி அரைத்து, இரண்டு மாவும் ஒன்றுதானா என்று பார்ப்பார்கள். திருடனும் லேசுப்பட்டவன் அல்ல. மாவை மட்டும் திருடிக்கொண்டு போய், உலகத்திலுள்ள பெயர்களையும் சொற்களையும் ஒவ்வொன்றாக அரைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறான். அரைக்கும் கணக்கு சுலபமானதாக இருந்தால், இன்றைய இயந்திரம் வினாடிக்குப் பல நூறு கோடிச் சொற்களை அரைத்துத் தள்ளும். எட்டுச் சிறிய ஆங்கில எழுத்துக்களை எப்படி மாற்றி மாற்றி வைத்தாலும் மொத்தம் 20,882 கோடிச் சொற்கள்தாம் அமையும். கேட்பதற்குப் பெரிய தொகை. அவனுக்கு ஓரிரு நிமிஷ வேலை. அதிலும் மனைவி பெயருக்கு அவ்வளவு நேரம்கூட வேண்டாம்.

1979-ல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸ், கென் தாம்ஸன் என்ற இருவர் 3,289 சொற்களைச் சேகரித்துச் சோதித்தார்கள். 2,831 சொற்கள் மிகவும் குட்டையானவை, அல்லது அகராதியிலோ பெயர்ப் பட்டியலிலோ அகப்படுகிறவை. முப்பது வருஷம் கழித்து, 2009-ல், ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திலிருந்து மூன்று கோடியே இருபது லட்சம் சொற்கள் திருடுபோயின. அங்கே அவற்றை அரைக்காமல் அரிசியாகவே கொட்டிவைத்திருந்தார்கள். அதனால் மனிதர்கள் என்னென்ன சொல் வைத்துக்கொள்கிறார்கள் என்பது உலகத்துக்கே வெட்டவெளிச்சமாயிற்று. முதலிடம் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும் எண்ணுவதற்கு. அது சோம்பல். ஐந்தாவது இடம் எதற்குத் தெரியுமா? 'ஐ லவ் யூ' என்ற வாக்கியத்துக்கு.

இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மனமும் கனத்தது. நம்மை அசடுகள் என்று நிபுணர்கள் சொல்லுகிறார்கள். நாம் வெறும் அசடுகள் மட்டும் அல்ல. யாருக்கும் தெரியாத ஒரு சொல்லை வைத்துக்கொள் என்றால், மனிதன் தன் மனசுக்குள்ளே போய்த் தேடுகிறான். அங்கே அகப்படுவது மனைவி பெயர், குழந்தை பெயர், குலதெய்வத்தின் பெயர், செத்துப்போன நாயின் பெயர். ரகசியமான இடத்தில் பிரியமானதைத்தானே வைப்போம்? ஆனால் பிரியம் ரகசியமாக இருப்பதில்லை. என் மனைவி பெயரை என் நாவல் ஒன்றின் சமர்ப்பணப் பக்கத்தில் நானே அச்சடித்து விற்றிருக்கிறேன்.

சரி, குற்றம் யாருடையது?

அக்கா மகன் சட்டப் புத்தகத்தோடு பேசினான். பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துகிறவனுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-சி பிரிவில் மூன்று வருஷம் வரைக்கும் சிறை, ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். கம்ப்யூட்டர் வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66-டி. அதற்கும் அதே தண்டனை. "உங்கள் மேல் ஒரு பிரிவும் கிடையாது. நீங்களும் பாதிக்கப்பட்டவர் மாமா" என்றான். 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்தோம். போலீசில் மனுவும் கொடுத்தோம். அதற்குள் பணம் நாலு கை மாறிவிட்டது. முதல் மணி நேரத்திலேயே சொல்லியிருந்தால் ஒருவேளை நிறுத்தி வைத்திருக்கலாம் என்றார்கள்.

அவன் சொன்னது நியாயம்தான். திருடியவன்தான் குற்றவாளி. பறிகொடுத்தவனைப் பார்த்து, நீ ஏன் ஜாக்கிரதையாக இல்லை என்று கேட்பது நம் ஊரில் ஒரு கெட்ட பழக்கம். சங்கிலி அறுந்த பெண்ணையே திட்டுகிற ஜனங்கள் நாம். அந்தப் பழக்கத்துக்கு நான் பரிந்து பேச வரவில்லை. ஆனாலும் 'உன் மேல் ஒரு பிரிவும் கிடையாது' என்ற சொல் எனக்கு ஆறுதலாக இல்லை.

சிலப்பதிகாரத்தில் மாதரி என்ற ஆயர்குல மூதாட்டி வருகிறாள். கவுந்தியடிகள் கண்ணகியை அவளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். அவள் தன் பெண்ணைப்போல் பார்த்துக்கொள்கிறாள். கோவலன் கொலையுண்டதில் அவளுக்கு என்ன சம்பந்தம்? பொய் சொன்னவன் பொற்கொல்லன். விசாரிக்காமல் ஆணையிட்டவன் பாண்டியன். எந்தச் சட்டத்திலும் மாதரி மேல் ஒரு பிரிவு கிடையாது. ஆனாலும் அடைக்கலம் இழந்தோமே என்று அவள் தீயில் விழுந்து உயிரை விடுகிறாள். அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. அந்த மட்டும் போக வேண்டியதே இல்லை. ஆனால், குற்றம் செய்யாதவர்களுக்கும் பொறுப்பு என்று ஒன்று உண்டு என்பது அந்தக் கிழவிக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் இருந்தது.

என் மின்னஞ்சலில் என்ன இருக்கிறது, திருடினால்தான் என்ன நஷ்டம் என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். இது என் சொந்தச் சொத்து, பூட்டுவதும் திறந்து போடுவதும் என் இஷ்டம் என்ற எண்ணம். அங்கேதான் கணக்குத் தவறிவிட்டது. அந்த வீட்டில் இருந்தது என் சொத்து அல்ல. என் பெயரைப் பார்த்தால் பத்து நிமிஷத்தில் நாற்பதாயிரம் எடுத்து அனுப்பலாம் என்ற எண்ணம் இருக்கிறதே, அது நான் சம்பாதித்ததா? கொஞ்சம் நான் சம்பாதித்திருக்கலாம். பெரும்பகுதி அவர் போட்டுவைத்தது. விடுதி அறையிலிருந்து நாற்பது வருஷமாக, துளித் துளியாக. தன் வீட்டை ஒருவன் திறந்து போடலாம். அடுத்த வீட்டார் நகையைக் கொடுத்து வைத்திருக்கும்போது திறந்து போடலாமா?

இந்த ஞானோதயத்துக்குப் பிறகு நான் சொல்லை மாற்ற உட்கார்ந்தேன். அக்கா மகன் வழி சொன்னான். அர்னால்ட் ரெயின்ஹோல்ட் என்ற அமெரிக்கர் 1995-ல் வெளியிட்ட முறையாம் அது. 7,776 சொற்கள் கொண்ட ஒரு பட்டியல். பகடையை ஐந்து தடவை உருட்டினால் ஒரு சொல் அகப்படும். இப்படி நாலு சொல்லைக் கோத்தால், முப்பத்தாறு கோடி கோடிக்கு மேற்பட்ட கோவைகளில் அது ஒன்று. ஐந்தாவது சொல்லையும் சேர்த்தால் அந்தத் தொகையை மறுபடி ஏழாயிரத்துச் சொச்சத்தால் பெருக்க வேண்டும். எழுத்தாளனுக்குப் பகடை எதற்கு என்று எனக்குக் கர்வம். நானே ஐந்து சொற்களை யோசித்தேன். யோசித்ததில் மூன்று என் நாவல்களின் தலைப்பில் உள்ளவை! பிறகு பேத்தியைக் கூப்பிட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு அகராதியைப் பிரித்துப் பிரித்து விரல் வைத்தாள். ஒன்றோடொன்று எந்த உறவும் இல்லாத ஆறு சொற்கள் வந்தன. அந்த மாதிரி ஒரு வாக்கியத்தை எந்த எழுத்தாளனாலும் எழுத முடியாது.

'பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, ஆச்சரியக்குறி ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாற்று' என்று முன்பெல்லாம் நம்மை வதைத்தார்களே, அது எங்கிருந்து வந்தது என்றும் விசாரித்தேன். பில் பர் என்ற அமெரிக்க அரசாங்க ஊழியர் 2003-ல் எழுதிய குறிப்பிலிருந்து அது பெரிதும் பரவியதாம். அப்படிச் சொன்னதற்காக வருந்துவதாக 2017-ல் அவரே சொல்லிவிட்டார். அந்த வருஷமே அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமும் அந்த வேதனையைக் கைவிட்டு, நீளமாக இருக்கட்டும், திருட்டுப் பட்டியல்களில் இல்லாததாக இருக்கட்டும், களவுபோன அறிகுறி இல்லாதவரை மாற்ற வேண்டாம் என்றது. தவறு என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்ட அந்த மனிதருக்கு ஒரு நமஸ்காரம்.

இடத்துக்கு ஒரு சொல் என்றால் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வது? அதற்கென்றே நம்பகமான பெட்டகங்கள் கம்ப்யூட்டரில் உண்டு. பெட்டகத்துக்கு மட்டும் ஒரு சொல் ஞாபகமிருந்தால் போதும். எனக்கு அது பழகவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எழுதிவைப்பது பாவம் என்று நினைத்திருந்தேன். மூவாயிரம் மைலுக்கு அப்பாலிருக்கும் திருடன் என் பீரோவுக்கு வரப்போவதில்லை. மின்னஞ்சலுக்கு இரண்டாவது பூட்டும் போட்டாயிற்று: சொல் சரியாக இருந்தாலும், என் போனுக்கு வரும் எண்ணையும் சொன்னால்தான் திறக்கும். அந்த எண்ணை யாராவது போனில் நயமாகக் கேட்டு, நானே வாயால் சொல்லிவிட்டால் ஆறு சொல்லும் வீண். ஆகையால் யார் கேட்டாலும் சொல்வதில்லை.

நான் பீரோவைப் பூட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "என் பெயரை எடுத்துவிட்டீர்களாக்கும்?" என்றாள்.

"எடுத்துவிட்டேன்."

"என்னிடமும் சொல்லக் கூடாதா?"

இந்தக் கேள்விக்கு நிபுணர்கள் எழுதிய எதிலும் பதில் இல்லை. யாரிடமும் சொல்லாதே என்கிறார்கள். அந்த 'யாரிடமும்' என்ற சொல்லுக்குள் இவளும் அடக்கமா? சொன்னால்தான் பிரியம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளும் இளம் தம்பதிகள் உண்டு. அதை வைத்தே ஒருவரையொருவர் வேவு பார்த்துப் பிரிந்தவர்களும் உண்டு. கேட்டு வாங்கினால் அது நம்பிக்கை அல்ல என்பது என் அபிப்பிராயம். ஆனால் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அந்தக் கதவுக்கு வெளியே அவள் நிற்க வேண்டுமா? நோட்டுப் புத்தகம் எந்தத் தட்டில் இருக்கிறது, பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று சொன்னேன். இதுவரை அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. "இருக்கிற இடம் தெரிந்தால் போதும், எனக்கு எதற்கு?" என்கிறாள்.

ஐப்பசியில் நாங்கள் இருவரும் கும்பகோணம் போனோம். கவரில் நாற்பதாயிரம் ரூபாயை வைத்து நண்பரிடம் நீட்டினேன். கையால் தள்ளிவிட்டார்.

"நீ கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? உனக்குத்தானே கொடுத்தேன். வழியில் எவனோ பிடுங்கிக்கொண்டான். அதற்கு நீ என்ன செய்வாய்?"

"எனக்குக் கொடுத்தது என்று நீயே சொல்லுகிறாய். அப்படியானால் திருப்பித் தர வேண்டியவன் நான்தானே?"

தமிழாசிரியர் தம்முடைய வாதத்திலேயே மாட்டிக்கொண்டு விழித்தார். அவர் மனைவி காப்பியோடு வந்தார். "அண்ணா கொடுக்கட்டும், வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இந்த வீட்டில் அவருக்குக் காப்பி இறங்காது" என்றார். நெடுநேரம் வழக்காடிய பிறகு பாதியை எடுத்துக்கொண்டார். மறுபாதி, ஒரு போன் செய்து கேட்காமல் அனுப்பிய தம்முடைய முட்டாள்தனத்துக்கு அபராதம் என்றார். அந்தப் பாதிக் கணக்கு சரியா என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை. இருபதாயிரம் அந்தக் கவரிலேயே இருக்கிறது.

புறப்படும்போது வாசல்வரை வந்தார். "இனிமேல் என்னிடம் பணம் கேட்டு எழுதுவதாக இருந்தால் ஒன்று செய். முதல் வருஷம் விடுதியில் என் டிரங்குப் பெட்டிக்குள் நாம் ஒளித்து வைத்திருந்தோமே, அது என்னவென்று முதல் வரியிலேயே எழுது. எழுதாவிட்டால் பணம் கிடையாது" என்றார். இரண்டு கிழவர்களும் தெருவில் நின்று சிரித்தோம்.

ரயிலில் திரும்பி வரும்போது, "அப்படி என்னதான் ஒளித்து வைத்திருந்தீர்கள்?" என்று மனைவி கேட்டாள். பீரோச் சாவியைக் கொடுத்த நான், அதை மட்டும் சொல்லவில்லை. உங்களிடமும் சொல்லப்போவதில்லை.